போலியோ வந்து 40 வருடம் கழித்து நல்ல கால் ஏன் தளர்கிறது?

கேள்வி இதுதான்: அக்காவுக்கு 47 வயது. ஒன்றரை வயதில் காய்ச்சலோடு இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. இடது கால் சில மாதங்களில் தேறியது. வலது கால் சூம்பிவிட்டது. பள்ளி நாட்களில் காலைத் தாங்கும் காலிப்பர் போட்டும், அப்புறம் அதைக் கழற்றிவிட்டுத் தொடையில் கை ஊன்றியும் நடந்தார். படித்து அரசுப் பள்ளி ஆசிரியை ஆகி, இரண்டு பிள்ளைகளையும் வளர்த்துவிட்டார். இப்போது இரண்டு வருடமாக அந்த நல்ல இடது கால் மாடிப்படியில் மடங்குகிறது. மதியத்துக்கு மேல் உடம்பை அடித்துப் போட்டது போல் ஆகிவிடுகிறது. ஒரு டாக்டர் "வயசாகுது, எடையைக் குறைச்சு நல்லா நடங்க" என்றார். இன்னொருவர் "போலியோ திரும்ப வராது, எல்லாம் மனசுதான்" என்றார். நடக்க நடக்க இன்னும் மோசமாகிறது. என்ன செய்வது?

முதலில் ஒன்று. இது மனசு செய்யும் வேலையும் இல்லை, சோம்பலும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், போலியோ வந்து தேறியவர்களுக்குப் பல வருடம் கழித்து வருகிற நரம்புக் கோளாறாக இருக்கலாம் என்று பலமாகச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் என்று அதற்குப் பெயர். இரண்டாவது டாக்டர் சொன்னதில் பாதி சரி. வைரஸ் திரும்பி வரவில்லை, வீட்டில் யாருக்கும் தொற்றவும் தொற்றாது. ஆனால் வைரஸ் வராமலேயே தசை தளர முடியும். நான் புனர்வாழ்வு மருத்துவப் பிரிவில் வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட். இந்தக் கதையைப் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இது ஏன் வருகிறது என்று தெரிந்தால்தான், "நல்லா நடங்க" என்கிற அறிவுரை இவருக்கு எவ்வளவு கெடுதல் என்பதும் தெரியும்.

போலியோ வைரஸ் வாய் வழியாகக் குடலுக்குப் போகிறது. தொற்றும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் வாதம் வருகிறது. அந்தக் குழந்தைக்குத் தண்டுவடத்தின் முன்பக்கத்தில் இருக்கிற இயக்க நரம்பு செல்களை வைரஸ் தாக்குகிறது. தசையை அசைய வைப்பவை இந்தச் செல்கள்தான். காலின் பெரிய தசைகளில் ஒரே செல் நூற்றுக்கணக்கான தசை நார்களைப் பார்த்துக்கொள்ளும். செல் செத்தால் அத்தனை நார்களும் கேட்க ஆளில்லாமல் போய்விடும். தொடு உணர்ச்சிக்கான நரம்புகள் வேறு, அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதனால்தான் சூம்பிய காலிலும் எறும்பு ஊர்ந்தால் உங்கள் அக்காவுக்குத் தெரிகிறது.

அப்படியானால் இடது கால் எப்படித் தேறியது? செத்த செல்கள் உயிர்த்து வரவில்லை. பிழைத்திருந்த செல்கள் புதிதாகக் கிளை விட்டு, பக்கத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த தசை நார்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டன. ஒரு செல் தன் வழக்கமான பங்கைப் போல ஏழெட்டு மடங்கு நார்களைக்கூடத் தூக்கிச் சுமக்க முடியும். பத்துப் பேர் பார்த்த வேலையை மூன்று பேர் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வது மாதிரி. வெளியிலிருந்து பார்த்தால் வேலை நடக்கிறது, கால் நிற்கிறது, குழந்தை நடக்கிறது. எல்லோரும் "அந்தக் கால் தப்பிச்சிடுச்சு" என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் ஒரு தசையின் இயக்க செல்களில் பாதிக்கு மேல் போன பிறகுதான் பலவீனம் கண்ணுக்கே தெரியும். ஆக, நல்ல கால் என்று நீங்கள் சொல்வது முழுசான கால் இல்லை. கையிருப்பு கொஞ்சமும் இல்லாமல் 45 வருடம் ஓடிய கால்.

இப்போது நடப்பது அதன் தொடர்ச்சிதான். அளவுக்கு மீறிக் கிளை விட்ட செல்லால் அத்தனை கிளைகளுக்கும் கடைசி வரை ஊட்டம் கொடுக்க முடிவதில்லை. வருடக்கணக்கில் ஒரு கிளை உதிர்ந்தால் இன்னொன்று முளைக்கும், இழுபறியாகவே போகும். ஒரு கட்டத்தில் உதிர்வது முளைப்பதை முந்திவிடும். வயதோடு எல்லோருக்கும் சில இயக்க செல்கள் குறையும். நமக்கு அது உறைக்காது. இவருக்கு ஒரு செல் போனால் ஏழெட்டு மடங்கு நார்கள் சேர்ந்து போகின்றன. இதற்கு முழு விளக்கம் இதுவே என்று மருத்துவ உலகம் முடித்துவிடவில்லை, நோய் எதிர்ப்பு அமைப்பின் பங்கு பற்றியும் ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட விளக்கம் இதுதான். எந்த வேலை சின்ன வயதில் இவரை எழுப்பி நிற்க வைத்ததோ, அந்த வேலையே இப்போது அந்தச் செல்களைக் களைக்க வைக்கிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1875இலேயே பாரிஸில், கைக்குழந்தையாக இருந்தபோது வாதம் வந்து தேறிய 19 வயதுத் தோல் பதனிடும் தொழிலாளிக்குப் புதிதாகத் தளர்ச்சி வந்தது பதிவாகியிருக்கிறது. நரம்பியல் மேதை ஷார்கோ, உடலை வருத்தும் வேலை ஒரு காரணமாக இருக்கலாம் என்று அப்போதே ஊகித்தார். அப்புறம் நூறு வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவில் 1952இல் மட்டும் சுமார் 58,000 பேருக்குப் போலியோ வந்தது. அந்தத் தலைமுறை நடு வயதைத் தொட்ட 1980களில், "எங்களுக்கு மறுபடி என்னமோ ஆகிறது" என்று அவர்களே குரல் எழுப்பிய பிறகுதான் மருத்துவம் திரும்பிப் பார்த்தது. போலியோ வந்து தேறியவர்களில் 100க்கு 25 முதல் 40 பேருக்கு இது வரலாம் என்று கணக்கிடுகிறார்கள். நம் ஊரில் 1970, 80களில் வாதம் வந்த குழந்தைகள் இப்போதுதான் அந்த வயதுக்கு வருகிறார்கள். ஆனால் இந்தியாவில் கடைசியாக இயற்கைப் போலியோ வந்தது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு சிறுமிக்கு. 2014 மார்ச்சில் நாடே போலியோ இல்லாதது என்று சான்றிதழ் கிடைத்தது. பெரிய வெற்றிதான், சந்தேகமில்லை. அதன் மறுபக்கம், இன்று படித்து வரும் இளம் டாக்டர்கள் பலர் போலியோ வந்த குழந்தையைப் பார்த்ததே இல்லை. அப்படி இருக்கையில் போலியோ வந்த 47 வயது ஆசிரியையை எப்படிப் பார்ப்பது என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? உங்கள் டாக்டர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்த இடைவெளி என்னை வருத்துகிறது.

தொடையில் கை ஊன்றி நடப்பது பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தொடையின் முன்பக்கத் தசை வேலை செய்யாதபோது எடையைத் தாங்கும் நொடியில் முழங்கால் மடங்கிவிடும். அது மடங்காமல் இருக்க, ஒவ்வொரு அடிக்கும் முன்னால் குனிந்து, உள்ளங்கையால் தொடையைப் பின்னுக்குத் தள்ளி முழங்காலைப் பூட்டுகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் குழந்தைகள் தாமாகவே கண்டுபிடித்த வழி இது. ஆண்களின் பேண்ட்டில் தொடைக்கு மேல் சரியாக ஒரு கை அளவுக்குத் துணி நைந்து பளபளக்கும். அதைப் பார்த்தே எந்த இடத்தில் எவ்வளவு அழுத்துகிறார் என்று சொல்லிவிடலாம். 40 வருடம் இப்படி நடந்தால் மணிக்கட்டில் நரம்பு நசுங்கி விரல் மரத்துப்போகலாம், தோள் தேயலாம், முதுகு ஒரு பக்கமாக வளையலாம். முக்கியமாக, அந்தக் காலை வேகமாக எடுத்து வைக்கும் நேரமெல்லாம் உடம்பு நிற்பது மற்ற காலில். உங்கள் அக்காவின் இடது கால் எவ்வளவு உழைத்திருக்கிறது என்பதை அவர் நடக்கும்போது ஒரு நிமிடம் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.

சரி, இதுதான் என்று எப்படி உறுதி செய்வது? இங்கேதான் பொறுமை வேண்டும், ஏனென்றால் இதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. முன்பு போலியோவால் வாதம் வந்திருக்க வேண்டும். கொஞ்சமாவது தேறி, பொதுவாக 15 வருடமாவது நிலையாக இருந்திருக்க வேண்டும். பிறகு புதிதாகத் தசை பலவீனமோ அசாதாரணக் களைப்போ வந்து, ஒரு வருடமாவது நீடிக்க வேண்டும். கடைசி நிபந்தனைதான் முக்கியம்: வேறு எந்தக் காரணமும் இல்லை என்று பார்த்து ஒதுக்கியிருக்க வேண்டும். தசையின் மின் செயல்பாட்டைப் பார்க்கும் ஈ.எம்.ஜி. எடுத்தால் பழைய போலியோவின் அடையாளம் தெரியும். ஆனால் நிலையாக இருப்பவருக்கும் புதிதாகத் தளர்பவருக்கும் அது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, பி12, வைட்டமின் டி ஆகியவற்றை முதலில் பாருங்கள். இடுப்பு எலும்பும் முதுகும் கோணலாக இருப்பவர்களுக்கு முதுகுத்தண்டில் நரம்பு நசுங்குவது சாதாரணம். முழங்கால் தேய்மானமும் காலை மடங்க வைக்கும். குறட்டையும் மூச்சுத் திணறலுமாக இரவுத் தூக்கம் கெட்டாலும் மதியம் இதே களைப்பு வரும். இவற்றில் பலவற்றுக்கு மருந்து உண்டு. "பழைய போலியோதானே" என்று எல்லாவற்றையும் அதன் கணக்கில் எழுதிவிட்டால், குணமாக்கக் கூடிய ஒன்றைத் தவறவிடுவோம். காலில் மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழப்பது, சில வாரங்களுக்குள் வேகமாகத் தளர்வது, இதில் எது இருந்தாலும் உடனே நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். போலியோவின் போக்கு அப்படி இருக்காது.

இன்னொரு விஷயமும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கம் "காய்ச்சலுக்கு ஊசி போட்டாங்க, மறுநாளே கால் விழுந்துடுச்சு" என்று சொல்லும் அம்மாக்கள் ஏராளம். இதில் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன. வைரஸ் உடம்பில் இருக்கும் நேரத்தில் தசையில் ஊசி போட்டால், அந்தக் கையிலோ காலிலோ வாதம் வரும் ஆபத்து கூடுகிறது. 1950களிலிருந்தே மருத்துவத்துக்குத் தெரிந்த உண்மை இது. அதாவது ஊசி தூண்டிவிட்டிருக்கலாம், நோய் போலியோதான். இரண்டாவது, பிட்டத்தில் தவறான இடத்தில் குத்தி நரம்பே காயப்பட்டது. அப்படிப்பட்டவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சியும் குறைந்திருக்கும், அது போலியோ இல்லை. உங்கள் அக்காவுக்கு இரண்டு கால்களும் விழுந்ததால் முதல் வகைக்கே வாய்ப்பு அதிகம். உங்கள் அம்மா இத்தனை வருடமாக அந்த ஊசிக்காகத் தன்னைத்தானே நொந்துகொண்டிருந்தால், காய்ச்சலுக்கு ஊசி போடாத வீடே அன்று இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

சிகிச்சைக்கு வருவோம். தளர்ந்த செல்களைத் திருப்பித் தருகிற மருந்து இன்றைக்கு எதுவும் இல்லை. பிரிடோஸ்டிக்மைன், ஸ்டீராய்டு என்று சோதித்துப் பார்த்தவை தெளிவான பலன் தரவில்லை. ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்புப் புரதம் பற்றிய முடிவுகளும் முன்னுக்குப் பின் முரணாக இருக்கின்றன, செலவோ லட்சங்களில். ஸ்டெம் செல் விளம்பரங்கள் கண்டிப்பாக உங்கள் கண்ணில் படும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்டவை தவிர மற்றவற்றுக்கு அதைச் சிகிச்சை என்று விற்பதே முறைகேடு. நகையை அடகு வைத்து அங்கே போய்விடாதீர்கள்.

பலன் தருவது சக்தியைச் செலவழிக்கும் விதத்தை மாற்றுவது. கேட்க எளிது, செய்ய மிகக் கஷ்டம். சின்ன வயதில் இவர்களுக்கு ஓயாமல் சொல்லப்பட்டது "விடாதே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பதுதான். அதனால்தான் எழுந்து நடந்தார்கள். இப்போது வந்து "களைக்கும் முன் உட்காருங்கள்" என்றால் தோற்றுப் போகச் சொல்வதாகத்தான் கேட்கும். என்னிடம் வந்த வங்கி ஊழியர் ஒருவர், லிஃப்ட் இருந்தும் படியேறித்தான் போவார், அது அவருடைய மானப் பிரச்சினை. லிஃப்டில் போக ஆரம்பித்த பிறகு சாயங்காலம் பிள்ளையோடு உட்கார்ந்து பேசத் தெம்பு இருக்கிறது என்று அவரே வந்து சொன்னார். உங்கள் அக்காவை ஒரு வாரம், எந்த நேரத்தில் என்ன செய்தார், எப்போது கால் நடுங்கியது அல்லது இழுத்தது என்று எழுதச் சொல்லுங்கள். எங்கே வீணாகச் செலவாகிறது என்பது அதில் தெரிந்துவிடும். பெரும்பாலும் சமையலறைதான்: நின்றுகொண்டே நறுக்குவது, தரையில் உட்கார்ந்து எழுவது, குடம் தூக்குவது. உயரமான ஸ்டூல் ஒன்று, மேற்கத்தியக் கழிப்பறை, படியில் கைப்பிடி, மதியம் அரை மணி நேரம் படுப்பது, இவை எந்த மாத்திரையை விடவும் அதிகம் செய்யும். வீட்டு வேலையை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வதும் இதில் அடக்கம். அதைத் தம்பி நீங்கள்தான் மாமாவிடமும் பிள்ளைகளிடமும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உடற்பயிற்சியே கூடாது என்று அர்த்தமில்லை. அசையாமல் கிடந்தாலும் தசை கரையும். எந்தத் தசை, எவ்வளவு என்பதுதான் கேள்வி. காலின் எடையையே தூக்க முடியாத தசையை மணல் மூட்டை கட்டிப் பழக்குவது வீண், கெடுதலும்கூட. ஓரளவு நல்ல பலம் இருக்கும் தசைகளுக்கு லேசான பயிற்சி, நடுநடுவே ஓய்வு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். நான் சொல்லும் அளவுகோல் இது: செய்த பிறகு வலியோ துடிப்போ வந்தால், அல்லது மறுநாள் காலையிலும் அசதி இருந்தால், செய்தது அதிகம். அடுத்த முறை பாதியாகக் குறைக்க வேண்டும். தண்ணீருக்குள் செய்யும் பயிற்சி மிக நல்லது, வசதி கிடைத்தால். எடை குறைப்பதும் நல்லதுதான், ஆனால் அதை நடந்து குறைக்க முடியாது, சாப்பாட்டில்தான் குறைக்க வேண்டும்.

காலிப்பர் என்றாலே அக்கா முகம் சுளிப்பார். இரும்புக் கம்பி, தோல் பட்டை, கனமான பூட்ஸ், பள்ளியில் கேட்ட கேலி எல்லாம் சேர்ந்து ஞாபகம் வரும். இப்போது பிளாஸ்டிக்கில் அளவெடுத்துச் செய்கிறார்கள், புடவைக்குள் தெரியாது, எடையும் கொஞ்சம்தான். தொடையை அழுத்தும் கைக்கு விடுதலை கிடைக்கும், இடது காலுக்கும் சுமை குறையும். ஆனால் போலியோ கால் பார்த்துப் பழகியவரிடம் மட்டும் செய்யுங்கள். முழங்கால் லேசாகப் பின்பக்கம் வளைவதும், குதிகால் சற்றுத் தூக்கி நிற்பதும் பார்க்கக் கோணலாக இருந்தாலும், பல நேரம் அவைதான் முழங்காலை மடங்காமல் பிடித்து நிறுத்துகின்றன. அதை முழுசாக நேராக்கினால் கால் அழகாக இருக்கும், நிற்க வராது. குதிகால் தசைநாணை வெட்டி நீட்டும் அறுவை சிகிச்சைக்கு யாராவது சொன்னால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். தூரம் போக வீல்சேரோ, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரோ வைத்துக்கொள்வதில் தவறே இல்லை.

சூம்பிய காலின் எலும்பு மெலிந்திருக்கும். கீழே விழுந்தால் தொடை எலும்பு உடைவது சுலபம், எலும்பு அடர்த்திப் பரிசோதனை ஒருமுறை செய்துகொள்ளட்டும். மார்கழியில் அந்தக் கால் நீலம் பாரித்துச் சில்லிட்டு இன்னும் தளரும், காலுறையும் வெதுவெதுப்பும் போதும். காலையில் தலைவலி, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, விழுங்கும்போது புரையேறுவது இருந்தால் மூச்சுத் தசைகளைப் பரிசோதிக்க வேண்டும். எந்த அறுவை சிகிச்சையானாலும், பல் பிடுங்குவதானாலும், சின்ன வயதில் போலியோ வந்ததை மயக்க மருந்து தருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இவர்களுக்கு மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் அளவு மீறி வேலை செய்யலாம், தெளிய நேரமும் பிடிக்கும்.

வேலையைப் பற்றி அவர் பயந்துகொண்டிருப்பார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, அரசுப் பணியில் இருப்பவருக்கு ஏற்ற வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் அதைக் காட்டி வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது என்றும் சொல்கிறது. கீழ்த்தளத்தில் வகுப்பு கேட்பது அவர் உரிமை. பழைய மாற்றுத்திறனாளி சான்றிதழில் ஒரு காலுக்கு மட்டும் சதவீதம் போட்டிருந்தால் மறு மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

இனி எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். இது மெதுவாகப் போகிற நோய், நடுவில் வருடக்கணக்கில் அப்படியே நிற்பதும் உண்டு. பொதுவாக உயிருக்கு ஆபத்தில்லை, மூச்சையும் விழுங்குவதையும் மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். சுமையைக் குறைத்தவர்களில் பலருக்குக் களைப்பும் வலியும் கண்கூடாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன். போக வேண்டியது எலும்பு டாக்டரிடம் மட்டும் இல்லை, புனர்வாழ்வு மருத்துவத் துறை இருக்கிற மருத்துவமனைக்கு. சென்னை கே.கே. நகரில் அரசுப் புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் ஆரம்பித்த துறை இருக்கிறது. 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர் அவர். போகும்போது பழைய சான்றிதழ், அந்த ஒரு வாரக் குறிப்பு, கழற்றிப் போட்ட காலிப்பர் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். சாயங்காலம் கால் தளர்ந்திருக்கும் நேரத்தில் அவர் நடப்பதை போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்கு டாக்டர் முன்னால் அவர் நன்றாகத்தான் நடப்பார்.